கொட்டாஞ்சேனையில் ஏலத்தில் எடுத்த வீடு: சுத்தியல் விழுந்த நாளிலிருந்து முதல் வாடகை வரை

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வீடு கொழும்பு 13, கொட்டாஞ்சேனையில் இருக்கிறது. அடமானக் கடன் திரும்பாததால் வங்கி ஒன்று ஏலமிட்ட அவ்வீட்டை, வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் 2023 நவம்பரில் எடுத்தார். திருத்திய பின் மேல்மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறார். அவருடைய உறுதிகளையும் (காணிப் பத்திரங்களையும்) பதிவுகளையும் பார்த்த நொத்தாரிசு, அதாவது உறுதிகளை எழுதிச் சான்றுப்படுத்துபவர், என்ற முறையில், அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காண முடியாதபடி தெருவின் பெயரைத் தவிர்த்து, தொகைகளையும் சற்று மாற்றி முழுமைப்படுத்தியிருக்கிறேன். சட்ட நிலையும் கணக்குப் போட்ட முறையும் நடந்தபடியே உள்ளன.

ஏல விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வருவோரில் பெரும்பாலானோர் கேட்கும் முதற்கேள்வி, சந்தை விலையை விட எவ்வளவு குறைவாகக் கிடைக்கும் என்பதுதான். ஏல வீட்டின் விலை, முதல் வாடகை கைக்கு வரும் நாளில்தான் தெரியவரும் என்பது என் உறுதியான கருத்து. அந்த நாள்வரை போன பணமும் போன காலமும் சேர்ந்ததே அதன் விலை. இந்த வீட்டின் கதை அதைத் தெளிவாகக் காட்டுவதால்தான் இதைத் தேர்ந்தேன்.

விற்கப்படுவது என்ன

இலங்கையில் வங்கிகள் நீதிமன்றத்துக்குப் போகாமலே அடமானச் சொத்தை ஏலமிட இடமளிப்பது, 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க வங்கிகளினால் கடன்கள் அறவிடப்படுதல் விசேட ஏற்பாடுகள் சட்டம். பேச்சு வழக்கில் பராட்டே சட்டம் என்கிறோம். வங்கியின் பணிப்பாளர் சபை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றி, அதை வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கில நாளிதழ்களிலும் வெளியிட்டு, பின்னர் விற்பனை அறிவித்தலையும் வெளியிட்டால் ஏலத்துக்கு வழி திறந்துவிடும். ஏலத்துக்கு முன் கடன்பட்டவர் நிலுவையையும் செலவையும் கட்டிவிட்டால் விற்பனை நின்றுவிடும். 2011 இன் திருத்தத்துக்குப் பின், முதல் தொகை 50 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த கடன்களுக்கு இந்த வழியைப் பயன்படுத்த முடியாது.

ஏலம் முடிந்து முழுப் பணமும் கட்டப்பட்டதும் வங்கி விற்பனைச் சான்றிதழ் ஒன்றை வழங்குகிறது. அச்சான்றிதழால் வாங்குபவருக்குச் சேர்வது, கடன்பட்டவருக்கு அச்சொத்தில் இருந்த உரிமையும் உரித்தும் நலனுமே. அதற்கு மேல் ஒரு அங்குலமும் சேராது. அவருடைய உறுதியில் ஓட்டை இருந்தால் அதுவும், வீட்டில் சட்டப்படி வாடகைக்கு இருப்பவர் இருந்தால் அவரும் சேர்ந்தே வருகிறார்கள். விளம்பரத்தில் வீட்டின் பரப்பு, அளவைப் படத்தின் இலக்கம், பதிவேட்டு இலக்கம் எல்லாம் இருக்கும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது இராது.

முதலில் பார்த்த வேறு ஒரு சொத்து

கொட்டாஞ்சேனை வீட்டுக்கு முன் ஆசிரியை என்னிடம் கொண்டுவந்தது வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டின் விளம்பரம். ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய தம்பி பாதிப் பணம் தருவதாகவும், உறுதி இருவர் பெயரிலும் இருக்க வேண்டுமென்றும் சொல்லியிருந்தார். தம்பி கனேடியப் பிரஜை; இரட்டைக் குடியுரிமை பெற்றிருக்கவில்லை. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணி பராதீனப்படுத்தல் மட்டுப்பாடுகள் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணியின் உரித்தைக் கைமாற்ற முடியாது. நான்காம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள தொடர்மாடி அலகுகளுக்கு, முழு விலையும் வெளிநாட்டிலிருந்து முற்கூட்டியே அனுப்பப்பட்டால், விலக்கு உண்டு. விளம்பரத்தில் இருந்தது நான்காம் மாடி என்பதால் தம்பி மிக உற்சாகமாக இருந்தார்.

பதிவேட்டைப் பார்த்தபோது அந்த உற்சாகத்துக்கு இடமில்லை என்று தெரிந்தது. கட்டடத்துக்கு 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க மாடிக் குடியிருப்பு உடைமைச் சட்டத்தின்கீழ் தொடர்மாடிப் படம் பதிவாகியிருக்கவில்லை. விற்கப்பட இருந்தது நிலத்தில் பிரிபடாத ஒரு பங்கு. அதோடு ஒரு கதவின் இலக்கம். சட்டம் தரும் விலக்கு, முறைப்படி பதிவான தொடர்மாடி அலகுக்கு உரியது. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வீடு தேடும் வெளிநாட்டு உறவுகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மாடி எத்தனையாவது என்று கேட்பதற்கு முன், தொடர்மாடிப் படம் பதிவாகியுள்ளதா என்று கேளுங்கள். தம்பி கடைசியில் தன் பணத்தை அக்காவுக்கு அன்பளிப்பாக வங்கி வழியே அனுப்பினார், உரித்துக் கேட்கவில்லை. அக்காவின் பெயரில் உறுதி, உள்ளே எனக்கொரு பங்கு என்ற வாய்ப்பேச்சு ஒப்பந்தம், சட்டத்தைச் சுற்றிப் போகும் வழியாகக் கருதப்பட்டால் எந்த நீதிமன்றத்திலும் அவரைக் காப்பாற்றாது என்பதை விளக்கிச் சொன்னேன், விளங்கிக்கொண்டார்.

கொட்டாஞ்சேனை வீடும் அதன் உரிமையாளரும்

ஐந்தரைப் பேர்ச் நிலம், கீழும் மேலுமாக இரண்டு மாடி. கீழ்வீடு 1960களில் கட்டியது. மேல்மாடி 1996 இல் எழுப்பியது. உரிமையாளர் பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். 2022 மார்ச்சில் டொலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த நாணய மாற்று விகிதம், இரண்டு மாதங்களுக்குள் 360 ரூபாயைத் தொட்டது. கப்பலில் வந்துகொண்டிருந்த சரக்குக்கு அவர் கணக்கிட்ட ரூபாய் போதாமற்போயிற்று. அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மேலதிகப் பற்றுக்கான (வங்கி ஓவர்ட்ராஃப்டுக்கான) வட்டி அவர் கடையின் இலாபத்தை விழுங்கியது. ஊதாரித்தனத்தால் வீழ்ந்தவர் அல்லர் அவர். ஏல வீடு வாங்க நினைப்பவர்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஏனென்றால், அந்த வீட்டில் இருப்பவர்களோடு எப்படிப் பேசுகிறோம் என்பதே பின்னால் கணக்கையும் மாற்றுகிறது.

உறுதிகளைப் பொறுத்தவரை வீடு சுத்தமாக இருந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் பதிவேட்டைத் தேடியதில் உரித்துச் சங்கிலி அறுபடவில்லை. வேறு ஈடோ (அடமானமோ) வழக்குப் பதிவோ இல்லை. கடன் பெற்றவரும் ஈடு வைத்தவரும் ஒரே ஆள் என்பதும் முக்கியமான ஆறுதல். இச்சட்டம் கடன் பெற்றவரின் சொந்தச் சொத்துக்கே பொருந்தும் என்று உயர் நீதிமன்றம் 2006 இல் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியிருந்தது. ஆகவே ஒருவருடைய கடனுக்கு இன்னொருவருடைய வீடு ஏலத்துக்கு வந்தால், அதை நான் மிகவும் எச்சரிக்கையுடனே பார்ப்பேன்.

அடுத்து மாநகர சபை ஆவணங்கள். உரிமைச் சான்றிதழ், கையேற்பு இன்மைச் சான்றிதழ், வீதிக்கோட்டுச் சான்றிதழ் மூன்றையும் ஏலத்துக்கு முன்பே எடுத்தோம். சோலைவரி, அதாவது மாநகர சபைக்குரிய வீட்டுவரி, பல காலாண்டுகளாகக் கட்டப்படவில்லை. வீதியை அகலமாக்க ஒதுக்கிய எல்லையான வீதிக்கோடு முன்பக்கத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டது. அந்தத் துண்டில் புதிதாக எதையும் கட்ட முடியாது என்பது, மேல்மாடிக்கு வெளியிலிருந்து தனிப் படிக்கட்டு வைக்கலாம் என்ற ஆசிரியையின் எண்ணத்தை அன்றே மாற்றியது.

உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதை அறிய எளிய வழி, கிராம அலுவலரிடம் வாக்காளர் இடாப்பைப் பார்ப்பது. அந்த இலக்கத்தில் இரண்டு குடும்பங்கள் பதிவாகியிருந்தன. மேல்மாடியில் உரிமையாளரின் குடும்பம். கீழே, செட்டியார் தெரு நகைப் பட்டறை ஒன்றில் ஆயுள் முழுதும் வேலை செய்து ஓய்ந்த முதியவரும் அவருடைய மனைவியும்; அவர்கள் 1970களிலிருந்து அங்கே வாடகைக்கு இருக்கிறார்கள்.

கீழ்வீட்டு ஐயா

இந்த இடத்தில்தான் வீட்டின் விலை உண்மையில் தீர்மானமாயிற்று. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் இன்னமும் பழைய வீடுகளில் உயிரோடு இருக்கிறது. 1980 ஜனவரி 1 ஆம் திகதிக்குப் பின் கட்டிய குடியிருப்புகளுக்கு அது பொருந்தாது. ஆகவே மேல்மாடி விடுபட்டது. கீழ்வீடு முழுமையாக அதன் பாதுகாப்பில் இருந்தது. வாடகை சட்டம் அனுமதித்த சில நூறு ரூபாய். பழைய உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்த காலத்தில் ஐயா அதை மாநகர சபையில் கட்டி, பற்றுச்சீட்டுகளை ஒன்றும் விடாமல் வைத்திருந்தார். சட்டம் அதற்கு வழி தந்திருக்கிறது.

எனக்கு இந்த வீடு தேவை என்று காரணம் காட்டி அவரை எழுப்பலாமே என்று தம்பி தொலைபேசியில் கேட்டார். முடியாது. வாடகைக்காரர் குடிவந்த பின் வீட்டை விலைக்கு வாங்கியவர், தன் சொந்தத் தேவையைக் காட்டி வெளியேற்றல் வழக்குத் தொடுப்பதை அதே சட்டத்தின் 22 ஆம் பிரிவு தடுக்கிறது. வாடகைக்காரர் காலமானாலும், அவரோடு வாழ்ந்த குடும்பத்தவருக்கு அந்த உரிமை தொடரலாம். காலி வீடாக இருந்தால் 2 கோடியே 90 லட்சம் பெறும் என்று மதிப்பீட்டாளர் எழுதித் தந்தார். கீழ்வீட்டில் ஐயா இருக்கும்வரை அந்த எண்ணுக்கு யாரும் வாங்கமாட்டார்கள். அதை ஒப்பிட்டுத் தள்ளுபடி கணக்கிடுவது தன்னைத்தானே ஏமாற்றுவதாகும்.

ஏலத்துக்கு முன்பே ஆசிரியை போய் அவரைப் பார்த்தார். “எங்களைக் கிளப்பவா வந்திருக்கீங்க டீச்சர்?” என்று ஐயா நேரே கேட்டாராம். “இல்லை ஐயா. நீங்கள் இருக்கிறியள் எண்டதைக் கணக்கில வைச்சுத்தான் விலை கேக்கப் போறன்” என்று இவர் சொன்னார். அந்தப் பேச்சின் பலனை நான் நேரில் கண்டேன். கீழ்வீட்டின் பின்சுவரில் ஈரம் எங்கிருந்து இறங்குகிறது, மேல்மாடித் தளத்தில் எந்த மூலையில் மழைநீர் தேங்குகிறது, கழிவுநீர்க் குழாய் எந்த வழியாகப் போகிறது என்பவற்றை ஐம்பது ஆண்டுகளாக அங்கே வாழ்ந்தவர் சொன்னதுபோல் எந்த மதிப்பீட்டறிக்கையும் சொல்லவில்லை.

ஏலமும் அதன் பின்னான பத்து மாதங்களும்

வீடு 1 கோடியே 95 லட்சத்துக்கு விழுந்தது. அன்றே கட்ட வேண்டியவை, வழமையான ஏல நிபந்தனைகளின்படி: விலையில் 10 சதவீதம், உள்ளூராட்சி மன்றத்துக்கு விற்பனை வரி 1 சதவீதம், ஏலதாரரின் தரகு 2.5 சதவீதம், விளம்பரச் செலவு, எழுதுவினைஞருக்கும் கூறுவோருக்கும் உரிய கூலி. மிகுதி 90 சதவீதத்தை 30 நாட்களுக்குள் கட்டத் தவறினால் முதலில் கட்டியதை வங்கி வைத்துக்கொண்டு மறுபடி ஏலமிடலாம். கடன் எடுத்துக் கட்டலாம் என்ற நம்பிக்கையோடு ஏலத்துக்குப் போவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இந்த 30 நாட்களே போதுமான காரணம். ஆசிரியையிடம் ஊரில் காணி விற்ற பணமும் தம்பியின் அன்பளிப்பும் கைக்காசாக இருந்தன.

விற்பனைச் சான்றிதழ் 2024 ஜனவரியில் கிடைத்தது. அதன் பின் சில வாரங்களில், நொடிந்துபோன சிறு, நடுத்தர வணிகர்களின் முறைப்பாடுகளை அடுத்து பராட்டே நடவடிக்கைகளை இடைநிறுத்த அரசாங்கம் முடிவெடுத்தது. அவ்வாண்டின் 28 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை டிசம்பர் 15 வரை நிறுத்தியது, பின்னர் 2025 மார்ச் 31 வரை நீடிக்கப்பட்டது. சான்றிதழ் முன்பே கையில் இருந்ததால் இவருடைய விற்பனையை அது தொடவில்லை. அந்த இடைநிறுத்தம் நியாயமானதே என்பது என் எண்ணம். 2022 இல் கடைக்காரர்களைச் சாய்த்த காரணங்கள் அவர்களுடைய கையில் இருக்கவில்லை.

மேல்மாடிக் குடும்பம் வெளியேற மறுத்தது. சட்டப்படி, விற்பனைச் சான்றிதழை மாவட்ட நீதிமன்றத்தில் காட்டி, சுருக்க நடைமுறையில் ஆட்சியைக் கையளிக்கும் கட்டளையைப் பெறலாம். மனுவைத் தயாரித்தே வைத்திருந்தேன். ஆசிரியை அதைத் தாக்கல் செய்வதற்கு முன் அந்த வீட்டம்மாவைச் சந்தித்தார். மகள் 2023 ஆம் ஆண்டுக்கான சாதாரண தரப் பரீட்சையை, பின்தள்ளப்பட்டு 2024 மே மாதத்தில் நடக்கவிருந்த அந்தப் பரீட்சையை, எழுதவிருந்தாள். சோதனை முடியும்வரை இருங்கள், பிறகு புதிய வீட்டுக்கு முற்பணம் கொடுக்க என் பங்காகவும் ஒரு தொகை தருகிறேன் என்று பேசி முடித்தார். இதை நொத்தாரிசு முன்னிலையில் அனுமதி ஒப்பந்தமாக எழுதினோம். வாடகையாக ஒரு சதமும் வாங்கக் கூடாது என்று நான் வற்புறுத்தினேன். வாங்கியிருந்தால், புதிய வாடகை உறவு ஒன்று உண்டாயிற்று என்று வாதிட இடம் வந்திருக்கும். மே மாத இறுதியில் திறப்பு கைக்கு வந்தது. மனு தாக்கல் செய்திருந்தால் அதற்கு முன் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

திருத்த வேலையை விரைவாகச் சொல்லிவிடலாம். தென்மேற்குப் பருவமழை தொடங்கிய வேளை என்பதால் தளத்துக்கு நீர்க்காப்புப் பூசுவதை ஒத்திவைத்து உள்வேலையை முதலில் எடுத்தோம். சமையலறைக்கு மேலுள்ள சிலாப்பில் கம்பி துருப்பிடித்துக் கொங்கிரீட் உரிந்திருந்தது. அந்தப் பகுதியை வெட்டியெடுத்து மறுபடி போட வேண்டியதாயிற்று. வயரிங் முழுவதும் பழையது. வட்டமுளைச் சொக்கெட்டுகளை நீக்கி, இப்போது நாட்டின் ஒரே நியமமாக உள்ள 13 அம்பியர் சதுரமுளைச் சொக்கெட்டுகளும் டிரிப் சுவிட்சும் போட்டோம். ஒழுங்கைக்குள் லொறி நுழையாது; மணலும் கல்லும் தள்ளுவண்டியில் வந்தன, ஏற்றியிறக்கும் கூலியே தனிச் செலவாயிற்று. மேல்மாடி இரண்டு சிறு வீடுகளாகப் பிரிக்கப்பட்டது. படிக்கட்டு உள்ளேயே இருந்தது. இரண்டுக்கும் தனித்தனி மின்மானி பெற்றது பெரிய பயன் தந்தது. வீட்டு மின்கட்டணம் அலகு கூடக்கூட மேல்விகிதத்துக்கு ஏறுவதால், ஒரே மானியில் இரண்டு குடும்பம் இருந்தால் இருவரும் உயர்ந்த விகிதத்தில் கட்டி, மாதந்தோறும் சண்டையும் பிடிப்பார்கள். கீழ்வீட்டுப் பின்சுவரின் ஈரத்தையும் ஆசிரியை தன் செலவிலேயே சரிசெய்தார்.

கணக்கு

விலை 195 லட்சம். ஏலச் செலவுகள் 8.8 லட்சம். முத்திரைத் தீர்வை, மேல் மாகாணத்தில் முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதமும் மிகுதிக்கு 4 சதவீதமுமாக, 7.8 லட்சம். சோலைவரி, நீர், மின் நிலுவைகள் 2.4 லட்சம். சட்டச் செலவும் மேல்மாடிக் குடும்பத்துக்குக் கொடுத்த தொகையும் 5 லட்சம். திருத்த வேலை 48 லட்சம். மொத்தம் 2 கோடியே 67 லட்சம்.

இதில் எழுதப்படாத ஒன்று இருக்கிறது. 2023 இறுதியில் ஓராண்டுத் திறைசேரி உண்டியல்களுக்கு 13 சதவீதத்தை அண்டிய வட்டி கிடைத்தது. 195 லட்சம் பத்து மாதங்கள் எதுவும் ஈட்டாமல் இருந்ததை 12 சதவீதமாகவே எடுத்தாலும், கைவிட்ட வட்டி 19.5 லட்சம். அதையும் சேர்த்தால் 2 கோடியே 86 லட்சத்தைத் தாண்டுகிறது. காலி வீட்டுக்கு மதிப்பீட்டாளர் சொன்ன விலைக்கும் இதற்கும் உள்ள இடைவெளி மிகச் சிறியது. கீழே ஐயாவும் இருக்கிறார்.

மேல்மாடியின் இரு வீடுகளும் மாதம் 52,000, 43,000 ரூபாய்க்குப் போயின. ஆண்டுக்கு 11.4 லட்சம், போட்ட 267 லட்சத்தில் 4.3 சதவீதம். வருமான வரிக்கு வாடகையில் 25 சதவீதத்தைத் திருத்தச் செலவுக்கான நிவாரணமாகக் கழிக்கலாம். 195 லட்சத்தை 14 சதவீத வட்டிக்குக் கடனாக எடுத்திருந்தால் ஆண்டு வட்டி மட்டும் 27.3 லட்சம், அதாவது வாடகையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். அப்படி வாங்கியவருடைய வீடு மறுபடியும் அதே ஏலத்துக்குத்தான் வரும். ஆசிரியைக்கு இது தகுந்தது. கடன் இல்லை, அவசரம் இல்லை, கொழும்பு மாநகரத்துக்குள் சுத்தமான உறுதியோடு ஐந்தரைப் பேர்ச் நிலம், ஓய்வூதியத்தோடு சேரும் ஒரு மாத வருமானம். விரைவில் திருத்தி விரைவில் இலாபம் பார்க்க விரும்புபவருக்கு இதே வீட்டை நான் பரிந்துரைத்திருக்கமாட்டேன்.

புதிய வாடகைக்காரர்களுடனான ஒப்பந்தங்களை நொத்தாரிசு உறுதியாகவே எழுதினோம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை அப்படி எழுதப்படாவிட்டால் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி வலுவற்றது. கொழும்பில் முத்திரை ஒட்டிய தாளில் இரு தரப்பும் கையெழுத்திட்டு முடித்துவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், குத்தகை முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்கும் நடைமுறையைத் தந்திருக்கிறது. அதன் பயனும் முறைப்படி எழுதியவருக்கே கிடைக்கும்.

2025 மார்ச்சுக்குப் பின் ஏல விளம்பரங்கள் மறுபடி வரத் தொடங்கின. ஆசிரியை மட்டக்குளியில் ஒரு வீட்டின் விளம்பரத்தை வெட்டிக் கொண்டுவந்தார். விலை முன்னையதை விடக் குறைவு, உள்ளே யாரும் இல்லை. பதிவேட்டில் அக்காணியின் மேல், பங்காளிகளிடையே காணியைப் பிரிப்பதற்கான பங்கீட்டு வழக்கொன்று பதிவாகியிருந்தது. ஈடு எழுதப்பட்டது அந்தப் பதிவுக்குப் பிறகு. 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின்படி, வழக்குப் பதிவான பின் அது முடியும்வரை ஒரு பங்காளி தானாகச் செய்யும் கைமாற்றமோ ஈடோ செல்லாது. திகதிகள் இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டினேன். அவர் விளம்பரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஐயாவின் கூரைக்கு மழைக்கு முன் எவ்வளவு தகடு தேவைப்படும் என்ற பேச்சுக்குப் போனார்.